பிறந்த வீட்டுக் கோடி

ஆமாம், முன்பணம் கொடுத்தது உண்மைதான். விறகுக்கு. எனக்கான விறகுக்கு. உனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கப் போவதில்லை. பாளையங்கோட்டையில் ஒருத்தி விறகுக் கடையில் அரை மணி நேரம் நின்றால் அந்தச் செய்தி கடலைத் தாண்ட ஒரு வாரம் போதும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் சரியாகவே இல்லை. "ஆஸ்பத்திரில என்னம்மா சொன்னாவ, மறைக்காத" என்றாய். ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது. வலது முழங்கால் மாடிப்படியில் சத்தம் போடுகிறது. காலையில் மைதானத்தை நான்கு சுற்று சுற்றுகிறேன், ஐந்தாவதுக்கு மனது இருக்கிறது, கால் இல்லை. அவ்வளவுதான். நீ டிக்கெட்டை மாற்ற வேண்டாம். உன் கல்யாணத்துக்கு என்று எடுத்த தேதியிலேயே வந்தால் போதும்.

நீ இரண்டாவதாகக் கேட்டது: "கல்யாணத்துக்கு இன்னும் நாப்பது நாளு. இப்பப் போயி என்னம்மா இது?" நான் பதில் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் நீ அழைப்பிதழுக்குத் தாவிவிட்டாய். யாருக்கு நேரில் வைக்க வேண்டும், யாருக்குத் தபால் போதும். கடைசியில் சொன்னாய்: "மாமாவுக்கு மட்டும் வைக்காத. அவரு வந்தா நான் மேடையில ஏற மாட்டேன்." நான் "சரி" என்றேன். போனை வைத்த பிறகும் அந்தச் "சரி" வாயிலேயே இருந்தது. அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். விறகும் அதுவும் ஒரே விஷயம். பொறுமையாகப் படி. நடுவில் எழுந்து போகாதே. நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறேன், அதற்கு வந்து சேர எனக்குக் கொஞ்சம் நடை வேண்டும்.

போன ஆவணியில், என்னோடு தாவரவியல் துறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் இறந்துபோனாள். பையன்கள் இரண்டு பேரும் இங்கே, பெண் சிங்கப்பூரில். கூடத்தில் அவள் கிடந்தாள். வாசலில் பிள்ளைகள் நின்றார்கள். காத்திருப்பதா, எடுப்பதா. மூத்தவன் நாளை மதியம் வரை என்றான். இளையவன் இன்று சாயந்தரமே என்றான். யார் முடிவு சொன்னாலும் அதை இருபது வருஷத்துக்கு அவன் தலையில்தான் கட்டுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அதனால் முடிவு சொல்லாமல் சண்டை மட்டும் போட்டார்கள். நான் கூடத்தில் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். செத்தவளுக்கு மட்டும் இதில் ஒரு கருத்து இருந்திருக்கும், அதை அவள் எழுதி வைக்கவில்லையே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும், பரீட்சை வேலையில் மிச்சமாகி வீட்டோடு வந்துவிட்ட ஒரு வெற்று விடைத்தாளை எடுத்தேன். முதல் வரியாக எழுதினேன்: "யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்." கீழே கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு மற்றவை தாமாக வந்தன. கண்களை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, அட்டை மேசை இழுப்பறையில், உடனே கூப்பிட வேண்டும். சங்கு ஊதலாம். கொட்டு வேண்டாம், அடுத்த வீட்டுப் பெண் பரீட்சைக்குப் படிக்கிறவள். ரோஜா மாலை வேண்டாம், சம்பங்கி. பதினாறாம் நாள் சாப்பாட்டில் வாழைக்காய்ப் பொரியல் இருக்க வேண்டும், மற்றது உங்கள் இஷ்டம். எழுத எழுத எனக்கு உற்சாகமாக இருந்தது என்றால் நம்புவாயா? பயணத்துக்குப் பெட்டி அடுக்குகிற உற்சாகம். "விறகு" என்று எழுதிவிட்டு எதிரே காலியாக விட்டிருந்தேன். அதை நிரப்பத்தான் கடைக்குப் போனேன்.

ஆற்றுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறதே, அந்த விறகுக் கடை. அண்ணாச்சியை உனக்குத் தெரியும். சின்ன வயதில் அவருடைய பெரிய தராசில் உன்னை ஏற்றி நிறுத்திக் காட்டுவார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்க டீச்சர். கல்யாணச் சமையலுக்கா?"

"இல்ல அண்ணாச்சி. எனக்கு."

"ஒங்களுக்குத்தான். எதுக்குன்னு கேக்கேன்."

"எனக்குத்தான் அண்ணாச்சி."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுல கல்யாணத்த வச்சிக்கிட்டு என்ன பேச்சு டீச்சர் பேசுதிய? ஆஸ்பத்திரில ஏதும் சொல்லிட்டாவளா?"

"ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கவுகளுக்கு நான் வெறகு போட மாட்டேன். போயிட்டு வாங்க."

நான் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவளை எழுப்பி அனுப்புகிற குணம் அவரிடம் கிடையாது. மெல்ல இறங்கி வந்தார். "இல்ல டீச்சர், யோசிச்சுப் பாருங்க. முன்பணம் வாங்கிட்டம்னு வைங்க. நீங்க இந்த ரோட்டுல போகையில எல்லாம் நான் ஒங்களப் பாக்கணும், நீங்க என்னயப் பாக்கணும். நீங்க இருமுனா எனக்குத் திக்குங்கும். நான் காத்துக்கிட்டு இருக்க மாதிரில்லா ஆயிரும்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார். கடைசியில் பில் புத்தகத்தை எடுத்து, "டீச்சர் வீட்டு விசேஷம்" என்று எழுதினார். தேதி என்று போட்டிருந்த இடத்தில் பேனா நின்றது.

"தேதி போடாதிய."

"தேதி இல்லாம பில்லு எப்படிப் போட?"

"பின்னால சொல்லுவோம்னு எழுதுங்க."

"யாரு சொல்லுவா, நீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். தேதி இல்லாமலே கிழித்துக் கொடுத்தார். அந்த ரசீது விடைத்தாளோடு குத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

பிறகு என்ன மரம் என்ற பேச்சு வந்தது. புளியா, மாவா என்று அடுக்கினார். இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு மரங்களின் குடும்பப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவள், எனக்கென்று ஒரு மரத்தைச் சொல்லத் தயங்கி நின்றேன். "உடை" என்றேன். வேலிகளில் யாரும் வைக்காமல் முளைக்கிற முள்மரம். வெட்டினால் யாருக்கும் வருத்தமில்லை. அவருக்குப் பிடித்துவிட்டது. "அதான் சரி. ஒடை சட்டுனு பிடிச்சுக்கிடும். சார்வாளுக்கு அன்னைக்கு அதான் கை கொடுத்துது. கடைக்குள்ள இடுப்பளவு தண்ணி. ஒங்க அண்ணன் பரண்ல ஏறி காஞ்ச கட்டையா பாத்துப் பாத்து இறக்குனாரு. ஒருத்தரையும் தொட விடல." உன் அப்பாவை எரித்த வெள்ள நாளைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்: "அவுக சொகமா இருக்காவளா? ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் பாத்து. நாங்க ஆயிரம் சாமான் போடலாம் டீச்சர். பொறந்த வீட்டுக் கோடி அவுகதானே கொண்டாரணும். அத நம்ம கடையில விக்க முடியாதுல்லா."

கோடி என்றால் என்னவென்று உனக்குச் சரியாகத் தெரியுமோ தெரியாதோ. தறியிலிருந்து வந்த பின் தண்ணீரே படாத புதுத் துணி. நம் வீடுகளில் ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து, அண்ணனோ தம்பியோ, கோடி கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதன் பிறகுதான் தூக்குவார்கள். புருஷன் இறந்தாலும் பதினாறாம் நாள் பிறந்த வீடு அவளுக்கு ஒரு கோடி கொடுக்கும், நம் குடும்பத்தில் வெள்ளைப் புடவை. ஒரு தடவை நனைத்துவிட்டால் அது கோடி இல்லை, வெறும் புடவை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன், உன் மாமா. அவரோடு பேசி ஆறு வருஷம். என் பட்டியலில் நான் எழுதாமல் விட்ட ஒரே வரி அதுதான். விட்டுப்போனது தற்செயலா என்று கேட்டால், இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்தபோது ஆற்றில் வெள்ளம். நீ வடக்கே படித்துக்கொண்டிருந்தாய். தந்தி கொடுத்தோம், அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. போன் செத்துக் கிடந்தது. மதுரைக்குத் தெற்கே ரயில் இல்லை. சுடுகாடு இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் வைத்திருந்தோம். மின்சாரம் இல்லாததால் ஐஸ் கிடைக்கவில்லை, கிடைத்ததும் கரைந்துபோனது. மறுநாள் மதியம் மேட்டில் ஓர் இடம் பார்த்து எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் நீ வந்தாய். பஸ் நின்றுபோன கங்கைகொண்டானிலிருந்து நடந்து வந்திருந்தாய், முழங்கால் வரை சேறு. வாசலில் நின்று கேட்டாய்: "யாரு எடுக்கச் சொன்னா?" உன் மாமா சொன்னார்: "நான்தாம்ல சொன்னேன்." நீ அவர் சட்டையைப் பிடித்தாய். நாலு பேர் விலக்கினார்கள்.

உனக்குத் தெரியாத பாதி இது. அந்த மதியம் அண்ணன் அடுக்களைக்கு வந்தார். நான் எரியாத அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெளியே எல்லாரும் எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "என்னட்டி செய்ய? நீ சொல்லு. நீ சொன்னேன்னா இன்னொரு நாளு ஒருத்தனையும் கிட்ட விடாம நான் நிக்கேன். பய வந்துருவான்னு எனக்குத் தோணுது" என்றார். அப்பாவின் முகம் மாறிக்கொண்டிருந்தது. அந்த முகத்தை நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேனா, இல்லை என்னால் அந்தக் கூடத்தில் இன்னொரு நாள் உட்கார முடியாது என்று நினைத்தேனா. இரண்டும்தான். இரண்டாவது கொஞ்சம் அதிகம். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் மறுபடி கேட்டார், "எடுத்துரலாமாட்டி?" ஆமாம் என்று தலையசைத்தேன். எடுக்கச் சொன்னது நான். உன் மாமா இல்லை.

நீ வாசலில் கேட்டபோது நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கேட்டது. இரண்டு எட்டு வைத்தால் வெளியே வந்திருக்கலாம். வைக்கவில்லை. அவர் சொன்ன பொய் எனக்கு முன்னால் ஒரு சுவர் மாதிரி நின்றது, நான் அதற்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பதினாறாம் நாள் அவர் கோடியோடு வந்தார். காகிதத்தில் சுற்றி, சணலால் கட்டி, மஞ்சள் பையில். நீயும் கூடத்தில்தான் இருந்தாய், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவர் தட்டில் வைத்து நீட்டினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த உலகத்தில் அந்தத் தலையசைப்பைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். "வெள்ளையக் கட்டி மூலையில உக்காரதுக்கு நான் ஆளில்ல. எடுத்துட்டுப் போங்க. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதிய" என்றேன். துணிச்சல்காரி என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். வெள்ளை கட்ட மறுத்தவள். நீகூட அன்று ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாய், நான் உன் பக்கம் நின்றதாக நினைத்து. அந்தக் கையை நான் உருவிக்கொள்ளவில்லை. நான் செய்தவற்றில் மிக மோசமானது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். தலையசைப்புக்கு ஒரு காரணம் இருந்தது. இதற்கு இல்லை.

அவர் பையைத் தட்டோடு பின்னறைப் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார். நான் அதை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினேன். எறிய மனம் வரவில்லை, பிரிக்கத் தைரியம் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைத் திறந்து பாச்சா உருண்டை மட்டும் மாற்றுவேன். விறகுக் கடையிலிருந்து திரும்பி வரும்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கெட்டிக்கார யோசனை என்று நினைத்து வேகமாக நடந்தேன். பிறந்த வீட்டுக் கோடிதானே வேண்டும்? ஏற்கெனவே கொண்டுவந்த ஒன்று பரணில் இருக்கிறது. தண்ணீர் படாதது. அண்ணன் கையால் வந்தது. வெள்ளையாக இருந்தால் என்ன, அப்போது நானா பார்க்கப் போகிறேன்? யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பட்டியலில் எழுதிவிடலாம்: "கோடி: டிரங்குப் பெட்டியில்." எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்து வைக்கிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது பார். ஓர் அண்ணனைத் தாண்டிப் போக, அவர் கொடுத்த புடவையையே படியாகப் போட நினைத்தேன்.

ஆனாலும் பரணில் ஏறியது உன் போனுக்குப் பிறகு, நேற்றுதான். மத்தியானம் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். சணல் இறுகிப்போயிருந்தது, கத்தரிக்கோல் எடுத்தேன். காகிதம் மஞ்சளாகி மடிப்பில் உடைந்தது. உள்ளே வெள்ளை இல்லை. வாடாமல்லி நிறம். நூல் புடவை, மெல்லிய மஞ்சள் கரை. எனக்கு இருபத்திரண்டு வயதில் கல்லூரியில் வேலை கிடைத்தபோது, முதல் நாள் உடுத்த அண்ணன் ஒரு புடவை வாங்கிக் கொடுத்தார். இதே நிறம், இதே மாதிரிக் கரை. அதை நான் கிழிகிற வரை கட்டினேன். வெள்ளை கொடுக்க வேண்டிய நாளில், மொத்தக் குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த மனிதர் எனக்கு வாடாமல்லி கொண்டுவந்திருக்கிறார். பிரித்திருந்தால் ஊர் அவரைத்தான் ஏசியிருக்கும். மறுபடி வேலைக்குப் போ என்று அவருக்குச் சொல்லத் தெரிந்த விதம் அது. நான் பிரிக்காமலே அவரைத் துரத்தினேன். பிரிக்காமலே துணிச்சல்காரி என்று பெயர் வாங்கினேன்.

உனக்கு அறிவுரை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஒரு பெண் வரப் போகிறாள். யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் பிரித்துப் பாருங்கள், இரண்டு பேரும். என்ன இருக்கும் என்று தெரியும் என்று நினைத்தால்கூட. வேறொன்று: நீ இல்லாமல் ஏதாவது முடிவு எடுக்க வேண்டி வந்தால், அதை எடுக்கிறவர்களைப் பிறகு நிறுத்தி விசாரிக்காதே. என் விஷயத்தில் அந்தத் தொல்லையே இருக்காது. எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எடுத்துவிட்டேன். நீ விமானத்தில் இருக்கும்போது நான் எரிந்துகொண்டிருக்கலாம். அதற்கு யாரும் காரணமில்லை, நான்தான் காரணம். வந்து ஆற்றில் குளி. தண்ணீர் நன்றாக இருக்கும் மாதமாக இருந்தால் அதிர்ஷ்டம்.

என் மேல் கோபம் வரும். வரட்டும். ஆறு வருஷக் கோபத்தை நீ தப்பான விலாசத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாய், அதை வாங்க வேண்டியவள் நான். எழுது, கத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாமல் இரு. மூன்றாவது ஞாயிறு செய்துவிடு.

இதுவரை காலையில் எழுதினேன். இங்கே நிறுத்திவிட்டு, அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறினேன். கையில் ஓர் அழைப்பிதழும் அந்த விடைத்தாளும். மாமா வீட்டில் இல்லை, அணைக்கட்டுப் பக்கம் வயலில் இருப்பதாக மதினி சொன்னாள். சொல்லும்போது அவள் கண் புடவையிலேயே இருந்தது. வரப்பில் நடந்து போனேன். குலை தள்ளிய வாழை ஒன்று சாய்ந்திருந்தது, அதற்கு முட்டுக் கம்பு கொடுத்துக்கொண்டிருந்தார். தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது. கம்பை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, இப்பத்தான் கட்டுதியா?"

"இப்பத்தான் பிரிச்சேன் அண்ணே."

"ஆறு வருசமாவா?"

"ஆமா."

"பூச்சி அரிக்கலயா?"

"பாச்சா உருண்டை போட்டு வச்சிருந்தேன்."

"பிரிக்காத துணிக்குப் பாச்சா உருண்டை. படிச்ச கழுதை" என்றார். "நிக்காத, இதப் பிடி." நான் வாழையைப் பிடித்துக்கொண்டேன், அவர் கம்பை ஊன்றினார். அப்படித்தான் பேச ஆரம்பித்தோம், நடுவில் ஒரு வாழை மரத்தை வைத்துக்கொண்டு. உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். தலையசைத்தது நான் என்பதை எழுதிவிட்டேன் என்றேன். அவர் கயிற்றைக் கட்டி முடித்தார்.

"என்னத்துக்குட்டி இப்ப? பய கல்யாண நேரத்துல?"

"அதுக்குத்தான் அண்ணே."

"அவன் எம்மேல கோவப்பட்டா எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? வாழை கொலை தள்ளாமலா போச்சு? ஒம்மேல கோவப்பட்டுட்டான்னா அவன் எங்கட்டி போவான்? அப்பன் போன அன்னைக்கே அம்மையும் போகணுமா? அதான் அப்படிச் சொன்னேன்."

இதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நான் எதுவும் சேர்க்கவில்லை.

விடைத்தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். முதல் வரியில் கொஞ்ச நேரம் நின்றார். வாழைக்காய்ப் பொரியலுக்குச் சிரித்தார். கடைசியில், காலையில்தான் நான் "கோடி" என்று சேர்த்து எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்ததைக் காட்டி, "இது என்ன காலி?" என்றார். நீங்கதான் நிரப்பணும் என்றேன். "ஒன்னயவிட எட்டு வயசு மூத்தவன் நானு. நான் முந்திப் போயிட்டா?" என்று கேட்டுவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோடி அன்னைக்கே போட்டாச்சு. மொதல்ல இதக் கட்டிக் கிழி. கிழிஞ்ச பொறவு பேசுவோம்."

அழைப்பிதழை வாங்கவில்லை. கோபத்தில் இல்லை. "நீ கூப்பிட்டா நான் சாப்பிட மட்டும் வருவேன். தாய்மாமனா மாலை எடுத்துக் கொடுக்க வரணும்னா மருமகன்லா கூப்பிடணும்" என்றார். அவர் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மருந்துக் கடையில் கூப்பிட்டால் ஓடிப்போய்ச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை பத்து மணிக்கு மேல் அவர் அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எதுவும் பெரிதாகப் பேச வேண்டாம். "மாமா" என்று சொன்னால் போதும், மீதியை அவர் பேசிக்கொள்வார், அவர் சுபாவம் அது.

வீட்டுக்கு வரும்போது மூன்று மணி. முந்தானையில் வாழைக் கறை பட்டிருந்தது. அது போகாது. வாளியில் தண்ணீர் பிடித்தேன். முதல் நனைப்பு, சாயம் இறங்காமல் இருக்க ஒரு கை கல்லுப்பு போட்டேன். புடவையை முக்கி எடுத்து, அலசிப் பிழிந்து, மாடியில் காயப் போட்டேன்.